ஒரு மாதத் தவறணை

கொடிகாமத்து ஏரம்புவின் நாம்பனை ஓர் எழுத்து தின்றது. முதலை தின்றது, பேய் அடித்தது என்றால் உடனே நம்புகிறவர்கள் இதை மாத்திரம் நம்பத் தயங்குகிறார்கள். எந்த நீதவான் கோட்டிலே நடந்தது என்று கேட்கக்கூடாது. அங்கே இன்னும் வழக்குப் பேசுகிறார்கள்.

நாம்பன் நல்ல சிவலை, நாலு வயது, ஏர் பழகிய காளை. அதன் தாய்ப்பசு பக்கத்து வளவுச் சீவரத்தினத்தாருடையது. ஏரம்பு அதை வாரத்துக்கு வாங்கி வளர்த்தான். முதற் கன்று வளர்ப்பவனுக்கு, இரண்டாம் கன்று மாட்டுக்காரனுக்கு என்பது வாரத்து முறை. முதலாவது செத்துப் பிறந்தது. அடுத்தது இந்த நாம்பன். மூச்சு விடாத கன்று கணக்கில் இல்லை என்று ஏரம்பு இதைத் தன்னுடையதாக வளர்த்து, வீட்டில் நின்ற மயிலை எருதோடு சோடி சேர்த்தான். நாலு வருஷம் போனபிறகு ஒருநாள் சீவரத்தினத்தார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"ஏரம்பு, செத்தது முதற் கன்று. அது உன்ரை. உயிரோடை நிக்கிறது ரெண்டாவது. அது என்ரை."

"செத்ததை வைச்சு நான் என்ன செய்யிறது, அண்ணை?"

"அது உன்ரை சொத்து. நான் தலையிடமாட்டன்."

இப்படித்தான் வழக்குத் தொடங்கியது. சீவரத்தினத்தார் வழக்காளி. ஏரம்பு எதிரி. கன்று மூச்சு விட்டதா இல்லையா என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் மாட்டு வைத்தியர் முருகேசு. அவர் அந்தப் புரட்டாதியிலே காய்ச்சல் பிடித்துப் பாயோடு கிடந்தார். சாட்சி இல்லாமல் வழக்கை எடுத்தால் நாம்பன் போய்விடும். நாம்பன் போனால் மயிலை ஒற்றை. ஒற்றை மாட்டால் உழ முடியாது. மேகம் வேறு நாளுக்கு நாள் இருண்டுகொண்டு வந்தது. முதல் மழையோடு உழுது விதைக்காவிட்டால் ஏரம்பு வீட்டில் அந்த வருஷம் அடுப்பு எரியாது.

ஆகவே அவன் கோட்டிலே தவணை கேட்கத் தீர்மானித்தான். தவணை என்றால் வழக்குக்கு வேறொரு நாள். கேட்டால் கொடுப்பார்கள். கேட்காமலும் கொடுப்பார்கள். கோட்டிலே இலேசாகக் கிடைக்கும் ஒரே பொருள் அதுதான்.

கோட்டுக்கு எதிரே பூவரசுக்குக் கீழே பெட்டிசம் எழுதும் பஞ்சலிங்கத்தார் இருந்தார். எழுத்துக்கு இவ்வளவு என்று எண்ணிக் காசு வாங்குகிறவர். அந்த மாதம் ஊரிலே கள்ளுத் தவறணையை மூடுவதா விடுவதா என்று வாக்கெடுப்பு. மூடச் சொல்லி முப்பது பெட்டிசம் போயிருந்தது. மூடவேண்டாமென்று முப்பத்திரண்டு. அறுபத்திரண்டையும் எழுதியவர் பஞ்சலிங்கத்தார்தான். அவருடைய கைக்கு அப்போது தவறணை என்று எழுத மனமே தேவைப்படவில்லை.

ஏரம்பு சொன்னதைக் கேட்டுத் தலையாட்டி, ஒரே மூச்சில் எழுதினார்:

"கனம் பொருந்திய கோட்டாரவர்களுக்கு, எதிரி ஏரம்பு தாழ்மையாக எழுதிக்கொள்வது. சென்ற தவறணையிலே வழக்காளியும் நானும் கோட்டாரும் சமூகமாயிருந்தோம். கோட்டாருக்குத் தலையிடி கண்டு நேரத்தோடே எழும்பிவிட்டபடியால் விஷயம் முடியவில்லை. இப்போது என் சாட்சி காய்ச்சலாய்க் கிடப்பதால், எனக்கு இன்னும் ஒரு மாதத் தவறணை தந்தருள வேண்டும்."

ஏரம்புவுக்குக் கையெழுத்து வைக்கத் தெரியும், வாசிக்கத் தெரியாது. வைத்தான்.

நீதவான் கொழும்பிலிருந்து வந்தவர். தமிழ் தெரியாது. மதுவிலக்குச் சங்கத்திலே பெரிய புள்ளி. சோடாப் போத்தல் திறக்கும் சத்தமே அவருக்கு ஆகாது. பெட்டிசத்தை அவருக்கு இங்கிலீசில் சொல்ல வேண்டியவர் துபாசி இராசநாயக முதலியார். எழுதியதை எழுதியபடியே சொல்வதாக வேதப்புத்தகத்தைத் தொட்டுச் சத்தியம் பண்ணிய மனிதர். எழுதியபடியே சொன்னார், தவறணையைக் கள்ளுக்கடை என்றே.

கோட்டிலே மின்னல் வெட்டினாற்போல் இருந்தது. நீதவான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். திரும்பப் போட்டார்.

"அன்றைக்கு நான் அங்கே இருந்ததை நீ கண்ணால் கண்டாயா என்று துரை கேட்கிறார்" என்றார் முதலியார்.

"கண்டனான் ஐயா. உங்களுக்குத் தலையிடி. நெத்தியைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனீங்கள்."

"வழக்காளியும் இருந்தாரோ?"

"என்ரை பக்கத்திலைதான் நிண்டவர். வேணுமெண்டால் அவரையே கேளுங்கோ."

சீவரத்தினத்தாரும் "ஓம் ஐயா" என்றார்.

அங்கே நின்ற நூற்றுச் சொச்சம் பேருக்கும் நடந்த பிழை விளங்கிவிட்டது. வழக்காளியையும் எதிரியையும் விட்டால், விளங்காதவர் ஒருவர்தான். கட்டளை இடுகிறவரும் அவர்தான். அவர் பேனாவை எடுத்து மூன்று வரி எழுதினார். முதலியார் அதைத் தமிழில் வாசித்தார்.

"விண்ணப்பம் தள்ளப்பட்டது. இந்த விண்ணப்பத்தின் செலவு பத்து ரூபாய் வருகிற செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு முன் கட்டப்படும். கட்டப்படாவிடில் வழக்காளிக்குத் தீர்ப்பு."

வெளியே வந்தபிறகுதான் யாரோ ஏரம்புவுக்குத் தவறணைக் கதையைச் சொன்னார்கள். அவன் வீடு வந்து சேர்ந்தபோது அவனுக்கு முன்னே கதை வந்திருந்தது. பெண்சாதி செல்வநாயகி மாட்டுக்கு வைக்கோல் இழுத்துக்கொண்டு நின்றாள்.

"தவறணை கேட்டனீங்களாம்."

"எழுத்துப் பிழையடி. பத்து ரூவாய் செலவு கட்டவேணுமாம். செவ்வாய், பத்து மணிக்கு முன்னம்."

"ஆர் கட்டுறதாம்?"

ஏரம்பு யோசித்தான். "அதைச் சொல்லேல்லை."

"நீங்கள் கேக்கேல்லையே?"

"கேட்டால் அதுக்கும் செலவு கேட்டாலுமெண்டு பேசாமல் வந்திட்டன்."

அவள் சீட்டுக்காசை முடிச்சோடு கொண்டுவந்து கையிலே வைத்தாள். "ஆர் கட்டினாலென்ன. குடுத்திட்டு நாம்பனைத் திருப்பிக் கொண்டு வாருங்கோ. வானத்தைப் பாருங்கோ, இண்டைக்கோ நாளைக்கோ எண்டு நிக்குது."

நாம்பனை ஒவ்வொரு தவணைக்கும் கோட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது கட்டளை. அது வழக்குப் பொருள். சென்றமுறை கோட்டுச் சேவகர் அடைக்கலநாதன் அதை வேம்பிலே சும்மா சுருக்குப் போட்டு விட்டதால், அது விறாந்தைக்கு ஏறி அன்றைய வழக்குப் பட்டியலைத் தின்றுவிட்டது. நீதவானுக்குத் தலையிடி வந்ததும் அதனால்தான். இனி ஒன்பது மணிக்கு முன் இறுக்கிக் கட்டாவிட்டால் வேலை போய்விடும் என்று அடைக்கலநாதனுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை எட்டரைக்கு ஏரம்பு நாம்பனோடு கோட்டுக்குப் போனான். அடைக்கலநாதன் கயிற்றைப் பறித்து, வேம்பிலே நாலு சுற்றுச் சுற்றி, மூன்று முடிச்சுப் போட்டு, கொம்பிலே வழக்கு இலக்கத்தையும் ஒட்டினார். ஏரம்பு காசு முடிச்சைப் பிடித்துக்கொண்டு சிறாப்பர் அருட்பிரகாசத்தாரின் யன்னலுக்குப் போனான். கோட்டுக் காசை வாங்குகிறவர் அவர்.

"செலவு கட்ட வந்தனான் ஐயா."

சிறாப்பர் கட்டளையை எடுத்து வாசித்தார். புரட்டிப் பின்பக்கத்தையும் வாசித்தார். பின்பக்கத்திலே ஒன்றுமில்லை.

"இதிலை உம்மடை பேர் இல்லையே."

"நான்தானே ஐயா தோத்தனான்."

"நீர் தோத்தது வேறை. கட்டுறது வேறை. காசு வாங்கிறது லேசான வேலை, தம்பி. அதைப் பிச்சைக்காரனும் செய்வான். ஆரிட்டை வாங்கினதெண்டு எழுதிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். பற்றுச்சீட்டிலை 'இன்னாரிடமிருந்து' எண்டு போட்டிருக்கு. அந்த இன்னார் ஆரெண்டு கட்டளை சொல்லேல்லை. நாளைக்கு அந்த இன்னார் வந்து, என்ரை செலவை நீ ஏன் ஏரம்புவிட்டை வாங்கினனீ எண்டு கேட்டால்?"

"ஒருத்தரும் கேளாயினம் ஐயா."

"கேளாமல் விட்ட ஆள் ஒருத்தனை இந்தக் கோட்டிலை காட்டும் பாப்பம். நீர்தான் கட்டவேண்டிய ஆளெண்டு முதலியாரிட்டை எழுதிக்கொண்டு வாரும்."

மணிக்கூடு ஒன்பதடித்தது. ஏரம்பு ஓடினான். முதலியார் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"ஐயா, செலவு ஆர் கட்டுறது?"

"கட்டப்படும்" என்றார் முதலியார்.

"ஆராலை ஐயா?"

"அந்த வசனத்திலே எழுவாய் இல்லை. துரை இங்கிலீசிலே எழுவாய் வைக்கேல்லை. நான் தமிழிலே வைக்கேலாது. வைச்சால் சத்தியம் பிழைச்சுப்போம். முப்பத்தொரு வருஷமாய் மொழிபெயர்க்கிறன். ஒருநாளும் விளங்கி மொழிபெயர்த்தது கிடையாது. விளங்கினால் ஒரு பக்கம் சாய்ஞ்சிடும்."

"தவறணை எண்டது பிழையெண்டு உங்களுக்கு அண்டைக்குத் தெரியாதே, ஐயா?"

"நல்லாய்த் தெரியும். அதுதான் உமக்காகக் குரலைத் தாழ்த்தி வாசிச்சனான்."

ஒன்பதேகால். பூவரசுக்கு ஓடினான்.

"பஞ்சலிங்கமண்ணை, உங்கடை எழுத்தாலை வந்த வினை. அந்தச் செலவு உங்கடையெண்டு ஒரு துண்டு எழுதித் தாங்கோ. காசை நானே கட்டிறன். பேர் மட்டும் தந்தால் போதும்."

பஞ்சலிங்கத்தார் பழைய கணக்குக் கொப்பியைப் புரட்டினார். "இஞ்சை பாரும். உம்மட்டை வாங்கினது தவணைக்கு உள்ள எழுத்துக்குத்தான். இடையிலை நிக்கிற 'ற' வுக்கு நான் ஒரு சதமும் வாங்கேல்லை. காசு வாங்காத எழுத்துக்கு நான் எப்பிடிப் பொறுப்பு? அது நான் உமக்குச் சும்மா தந்தது. கையெழுத்து வைச்சு ஏற்றுக்கொண்டது நீர்."

ஒன்பதரை. சீவரத்தினத்தாருக்காக வழக்குப் பேசும் பிறக்கிராசி விறாந்தையில் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றார். ஏரம்பு மூச்சு வாங்க முடிச்சை நீட்டினான். "ஐயா, செலவு உங்கடை பக்கத்துக்குத்தானே வாறது. நேரை உங்கடை கையிலை தாறன்."

பிறக்கிராசி கையை இரண்டையும் முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டார். பிறக்கிராசி ஒருவர் காசைக் கண்டு கையை ஒளித்தார் என்பதைக் கேட்டவர்கள் ஒருவரும் இன்றுவரை நம்பவில்லை.

"இதை நான் தொட்டால் கட்டப்பட்டதாய்ப் போம். கட்டப்பட்டால் வழக்கு நடக்கும். நடந்தால் நாங்கள் தோக்கவும் கூடும். பத்து மணி வரைக்கும் பொறும். பத்தடிச்சாப்பிறகு சந்தோஷமாய் வாங்கிறன்."

அந்தக் கோட்டு மணிக்கூட்டைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கோடு பத்து மணிக்குக் கூடும் என்பது சட்டம். ஒருமுறை நீதவான் பத்தேகாலுக்கு வந்தபோது, கோடு கூடியது செல்லாது என்று யாரோ வாதாடிவிட்டார்கள். அன்றுமுதல் நீதவான் எப்போது கதிரையில் இருக்கிறாரோ அப்போது பத்து மணி. அடைக்கலநாதன் முக்காலியில் ஏறி முள்ளைத் திருப்பி வைப்பார். யாழ்ப்பாணம் முழுவதிலும் பிழை விடாத மணிக்கூடு அது ஒன்றுதான்.

ஏரம்பு சிறாப்பரின் யன்னலுக்குத் திரும்பி வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஒன்பதே முக்காலாகக் கொஞ்சம் இருந்தது. தூரத்திலே இடி உறுமியது.

"ஐயா, உங்கடை மாதாவை நினைச்சு வாங்குங்கோ. பத்தடிச்சால் என்ரை நாம்பன் போச்சு. விதைப்புப் போச்சு. என்ரை பேரைப் போடுங்கோ. ஆர் வந்து கேட்டாலும் நான் மறுமொழி சொல்லிறன்."

அருட்பிரகாசத்தார் கெட்ட மனிதர் அல்லர். வெளியே பார்த்தார். உள்ளே பார்த்தார். பற்றுச்சீட்டுப் புத்தகத்தைத் திறந்து, பேனாவை மையிலே தோய்த்து, 'ஏ' என்று எழுதினார். அழகான எழுத்து. உதறி, மறுபடி தோய்த்து, 'ர' என்று எழுதினார்.

வாசலிலே மோட்டார் வந்து நின்றது. மத்தியானம் மதுவிலக்குக் கூட்டம் இருந்தபடியால் நீதவான் அன்று முந்தி வந்துவிட்டார். உள்ளே முக்காலி இழுபடும் சத்தம் கேட்டது. மணிக்கூடு பத்தடித்தது.

சிறாப்பர் பேனாவைக் கீழே வைத்தார். "பத்து, தம்பி" என்றார்.

கோடு கூடியது. சீவரத்தினத்தார் புதுச் சால்வையோடு முன்னே நின்றார். ஏரம்பு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். நீதவான் கேட்டார், முதலியார் எழுவாய் சேர்க்காமல் மொழிபெயர்த்தார்.

"பத்து மணிக்கு முன் கட்டப்பட்டதா?"

சிறாப்பர் பற்றுச்சீட்டை நீட்டி, "ஏர மட்டும் கட்டப்பட்டது, துரை" என்றார். அது பதிவு செய்யப்படவில்லை. நீதவான் தீர்ப்பு எழுதப் பேனாவை எடுத்தார். முதலியார் முறைப்படி வாசற்பக்கம் திரும்பி, இன்னொருமுறை உரத்துக் கேட்டார்: "கட்டப்பட்டதா?"

வாசலிலே நின்ற அடைக்கலநாதனுக்கு எச்சரிக்கைக் கடிதம் நினைவுக்கு வந்தது. நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஓம் துரை! ஒன்பதுக்கு முன்னமே கட்டியாச்சு!"

"எது கட்டப்பட்டது?"

"நாம்பன், துரை. நாலு சுற்று, மூண்டு முடிச்சு. ஆராலும் அவிழ்க்கேலாது."

முதலியார் ஒரு கணம் கண்ணை மூடினார். கட்டுவது என்றால் காசு கட்டுவதா, மாடு கட்டுவதா என்று யோசிப்பது விளங்கிக்கொள்வதாகும். கேட்ட சொல்லும் சொன்ன சொல்லும் ஒரே சொல்லாக இருந்தன. செலவு, ஒரு நாம்பனாக, ஒன்பது மணிக்கு முன்னமே செலுத்தப்பட்டுவிட்டது என்று இங்கிலீசில் சொன்னார்.

பிறக்கிராசி துள்ளி எழுந்தார். "ஆட்சேபணை! யார் செலுத்தியது என்று தெரியவேண்டும்!"

"ஐயோ, அது என்ரை நாம்பன்!" என்று சீவரத்தினத்தார் கத்தினார்.

"வழக்காளி தானே செலுத்தியதாகச் சொல்கிறார்" என்றார் முதலியார்.

"பொய் ஐயா! அது என்ரை!" என்று ஏரம்பு தூணை விட்டுப் பாய்ந்தான்.

"எதிரி, இல்லை, தானே செலுத்தியதாகச் சொல்கிறார்."

"என்ரை!"

"என்ரை!"

நீதவானின் முகம் மலர்ந்தது. அவர் எழுந்து நின்றே பேசினார். முதலியாருடைய குரலும் அன்றைக்குத் தழுதழுத்தது. "இருபது வருஷமாக நான் நீதி செலுத்துகிறேன். செலவு என்னுடையதல்ல, அவனுடையது என்றுதான் இதுவரை எல்லோரும் என் முன்னே கத்தியிருக்கிறார்கள். செலவு என்னுடையது, என்னுடையது என்று இரண்டு பேர் சண்டை பிடிப்பதை இன்றுதான் காண்கிறேன். தவறணையிலே கூடி இருந்த இந்த மனிதர்களை இவ்வளவு தூரம் திருத்தியது எது? இந்தக் கோடு. என் கட்டளையிலே யார் பெயரும் இல்லை என்று சிலர் குறைப்பட்டதாக அறிகிறேன். பெயர் இருந்திருந்தால் ஒருவர்தான் கட்டியிருப்பார். இல்லாதபடியால் இருவரும் கட்டியிருக்கிறார்கள்."

நாம்பன் செலவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. இருவரும் கூட்டாகக் கட்டியதாகப் பதியப்பட்டது. செலவு கட்டப்பட்டபடியால் வழக்கை எடுத்தார்கள். எடுத்துப் பார்த்தால் வழக்குப் பொருள் இல்லை. அதனால் வழக்கும் தள்ளப்பட்டது.

பின்னேரம் வேம்பின் கீழே ஏலம். ஏரம்பு பத்து ரூபாயைக் காட்டிக் கேட்டான். கட்சிக்காரர் ஏலம் கேட்கக்கூடாது என்று ஒரு சட்டத்தைப் பிறக்கிராசி அன்று பின்னேரம் கண்டுபிடித்தார். அடுத்த கள்ளுக் காலத்துக்கென்று பீப்பா வண்டிலுக்கு மாடு தேடித்திரிந்த தவறணைக் கனிசியஸ் முப்பத்தைந்துக்கு எடுத்தான். அடைக்கலநாதனின் மூன்று முடிச்சையும் அவிழ்க்க முடியாமல் கயிற்றை அறுத்துத்தான் கொண்டுபோனான். ஏலக்காசு பிறக்கிராசிக்கும் முத்திரைக்கும் சரியாய்ப் போனது.

ஏரம்பு வீட்டுக்குப் போகவில்லை. நாம்பனுக்குப் பின்னால் நடந்தான். இன்னொருவரும் நடப்பது கொஞ்சத் தூரத்திலே தெரிந்தது. சீவரத்தினத்தார். புதுச் சால்வை கழுத்திலே சுருண்டு கிடந்தது.

தவறணை வாசற் பனையிலே நாம்பன் கட்டப்பட்டது. உள்ளே வாங்குப் பலகையிலே ஒரு நுனியில் வழக்காளியும் மற்ற நுனியில் எதிரியும் இருந்தார்கள். பஞ்சலிங்கத்தார் எழுதியபடி இருவரும் தவறணையில் சமூகமாயிருந்தார்கள். தலையிடிக்காரர் ஒருவர்தான் குறைவு. கனிசியஸ் இரண்டு பனையோலைப் பிளாவிலே தென்னங்கள்ளு வார்த்துக் கொடுத்தான்.

"ஏரம்பர், உதென்ன கண்ணெல்லாம் கலங்கிக் கிடக்கு?"

"இண்டைக்கு ராவு மழை, கனிசியசு. சோடி இல்லை. எப்பிடி உழுவன்?"

கனிசியஸ் வாசலை எட்டி வானத்தைப் பார்த்தான். "பனங்கள்ளுக் காலம் முடிஞ்சுது. மழை விடுமட்டும் என்ரை வண்டிலும் சும்மாதான் கிடக்கும். கொண்டுபோய் உழுதிட்டுக் கொண்டு வாரும். ஒரு மாதத் தவணை. காணுமே?"

ஏரம்பு பிளாவைக் கீழே வைத்தான். அவன் கோட்டிலே கேட்டும் கிடைக்காமல் போன சொல் அது.

சீவரத்தினத்தார் தொண்டையைச் செருமினார். "நீ உழுது முடிச்சாப்போலை எனக்கும் ரெண்டு நாள் தா, ஏரம்பு. என்ரை வயலும் கிடக்கு."

"தாறன் அண்ணை. செத்த கன்று என்ரையெண்டு இனிச் சொல்லக்கூடாது."

"அது மூச்சு விடேல்லைத்தான். நானும் பாத்தனான்."

வெளியே முதல் துளிகள் ஓலையில் விழுந்தன. இருவரும் எழும்பினார்கள். கனிசியஸ் வெறும் பிளா இரண்டையும் எடுத்துக்கொண்டு, யோசனையில்லாமல், எல்லோரிடமும் கேட்பதுபோலக் கேட்டான்:

"உது ஆருடை செலவு?"

வழக்காளியும் எதிரியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவசரமாக மடியை அவிழ்த்தார்கள். கனிசியஸ் இரண்டு காசையும் வாங்கிப் பெட்டிக்குள் போட்டான். யாரிடம் வாங்கினான் என்று எழுதி வைக்கவில்லை.